கவுகாத்தி வானிலை

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசையில், இரண்டாவது வரிசையில் நான் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கும்போதே, என் பெயரை நோயாளிகள் பட்டியலில் வாசித்தார்கள்.

எங்கள் பங்குக் கோயிலில் பூசை தொடங்குமுன் அன்றைய கருத்துகளை வாசிப்பது வழக்கம். இந்தப் பூசை யாருக்காக, எதற்காக ஒப்புக்கொடுக்கப்படுகிறது என்று முன்கூட்டியே அலுவலகத்தில் போய்ச் சொல்லிவிட வேண்டும். உபதேசியார் இக்னேஷியஸ் அண்ணன் எல்லாவற்றையும் மூன்றாகப் பிரித்துக்கொள்வார்: நன்றி, நோய், மரணம். மனுஷ வாழ்க்கையில் நான்காவதாக ஒன்று கிடையாது என்பது அவர் கட்சி. பரீட்சையில் பாஸா, நன்றியில் போடு. வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்கிறாரா, நோயில் போடு. பிறகு அதைக் கணீரென்ற குரலில், நிறுத்தி நிதானமாக, வாசலில் செருப்பு விடுகிறவர்களுக்கும் கேட்கும்படி வாசிப்பார்.

அன்றைக்கு அவர் வாசித்தது இதுதான்: “கணவருக்காக எல்லாவற்றையும் இழந்து, வேதனையில் வாடும் நோரா எரிக் ஆறுதல் பெற வேண்டி, அவருடைய கணவர் எரிக்.”

கோயிலில் இருந்த அத்தனை தலையும் திரும்பியது. யார் அந்தப் பாவப்பட்டவள் என்று நானும் ஒரு விநாடி திரும்பிப் பார்த்தேன். அப்புறம்தான் உறைத்தது. பக்கத்தில் எரிக் கண்ணை இறுக மூடிக்கொண்டு கைகூப்பியிருந்தார். பூசை முடிகிறவரை கடவுள் அவரை என்னிடமிருந்து காப்பாற்றினார்.

வெளியே வந்ததும் ஒரே கூட்டம். ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள், ஒருத்தி முதுகைத் தடவினாள். “எரிக்குக்கு கிட்னி குடுத்தியாமே? எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லலியேம்மா” என்று பாடகர் குழுவில் எனக்குப் பக்கத்தில் நிற்பவள் அழுதேவிட்டாள். கணவருக்காக இழந்தது ஒன்று, நோயாளிகள் வரிசை ஒன்று, இரண்டையும் கூட்டி அவர்களாகவே ஒரு விடை கண்டுபிடித்துவிட்டார்கள். அடையாறில் ஒரு நல்ல டாக்டர் இருக்கிறார் என்று யாரோ என் கைக்குள் ஒரு சீட்டைத் திணித்தார்கள். ஒரு பெரியவர் எரிக்கிடம், “தண்ணி நெறைய குடிங்க தம்பி” என்றார். இவரும் சரி என்று தலையாட்டினார்.

“எரிக்!” என்றேன், கச்சேரி ரோடு திரும்பியதும். எங்கள் வீட்டில் நான் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அது சண்டைக்கு அடிக்கிற மணி.

“நா நன்றிலதான் போடச் சொன்னேன் நோரா. இக்னேஷியஸ் அண்ணன்தான் படிச்சுப் பாத்துட்டு, இதுல எங்கப்பா நன்றி இருக்கு, ஒரே ஒப்பாரியா இருக்கேன்னு மாத்திட்டாரு.”

“அவரு சரியாத்தான் மாத்தியிருக்காரு. நா எப்பங்க வேதனைல வாடுனேன்? எதை இழந்தேன்?”

“நீ சொல்ல மாட்ட. எனக்குத் தெரியும்” என்றார், பக்தியோடு. இப்படிப் பதில் சொல்கிற ஆளிடம் என்ன பேசுவது?

இதற்கெல்லாம் காரணம் கவுகாத்தி.

கல்யாணமான புதிதில் எனக்கு ஒரு வங்கியில் அதிகாரி வேலை கிடைத்தது. விழுந்து விழுந்து படித்து எழுதிய பரீட்சை. முதல் போஸ்டிங் கவுகாத்தியில். ஆர்டர் வந்த அதே மாதம் மாமனாருக்குப் பக்கவாதம் வந்து படுத்துவிட்டார். எரிக் வீட்டுக்கு ஒரே ஆண்பிள்ளை, இங்கே ஒரு கல்லூரியின் வேதியியல் லேபில் வேலை. அப்பாவை விட்டுவிட்டு அவரால் வர முடியாது. அவரை விட்டுவிட்டுப் போக எனக்கு மனசில்லை. போகவில்லை, அவ்வளவுதான். வீட்டில் சும்மா இருப்பானேன் என்று கோபாலபுரத்தில் ஒரு சின்னப் பள்ளியில், பிரசவ லீவில் போன டீச்சருக்குப் பதிலாக யூ.கே.ஜி. வகுப்பு எடுக்கப் போனேன். அந்த டீச்சர் திரும்பி வரவேயில்லை. நானும்தான்.

முதல் வருடம் வருத்தம் இருந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒருநாள் மாடியில் கொடியில் துணி காயப்போடும்போது திடீரென்று அழுகை வந்தது, நன்றாக அழுதேன். எரிக் அதைப் பார்த்துவிட்டார். வினை அங்கேதான் ஆரம்பித்தது. நான் அழுது முடித்து, மிச்சத் துணியையும் போட்டுவிட்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு கீழே வந்துவிட்டேன். அவர் இன்னும் அந்தக் கொடிக்கடியிலேயே நின்றுகொண்டிருக்கிறார்.

எப்போது அந்த வருத்தம் போயிற்று என்று எனக்கே சரியாகத் தெரியாது. ஆனால் எது அதைத் துரத்தியது என்று தெரியும். ஜூன் மாதம் வருகிற பிள்ளைக்கு எழுத்தெல்லாம் தனித்தனிப் பூச்சி. ப ஒரு பூச்சி, ட ஒரு பூச்சி, ம் ஒரு பூச்சி. விரலை வைத்து இடறி இடறிச் சொல்லிக்கொண்டே வரும். என்றைக்கோ ஒருநாள், எந்த நாள் என்று யாராலும் சொல்ல முடியாது, சட்டென்று நின்று “படம்!” என்று கத்தும். அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே! உலகத்திலேயே அந்த வார்த்தையை முதலில் படித்தது தான்தான் என்கிற மாதிரி இருக்கும். அன்று முழுக்கக் கண்ணில் பட்டதையெல்லாம் படிக்கும். மணல் வாளி, ஆயாவின் சோப்பு டப்பா, என் கைப்பை, எதையும் விடாது. வகுப்பில் எத்தனை பிள்ளைகளோ, வருடத்தில் அத்தனை தடவை எனக்கு இது கிடைக்கும். எந்த வங்கி இதைக் கொடுக்கும்?

என்கூடப் பரீட்சை எழுதியவள் ஒருத்தியைப் போன வருடம் தி. நகரில் பார்த்தேன். பெரிய அதிகாரியாகிவிட்டாள், கார் கதவை டிரைவர் திறந்துவிட்டார். நன்றாகப் பேசினாள், நல்லவள். அவள் போன பிறகு, இப்போதாவது வருத்தம் வருகிறதா பார்ப்போம் என்று அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன். பசிதான் வந்தது. பாண்டி பஜாரில் ஒரு ரவா தோசை சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

இதையெல்லாம் எரிக்கிடம் எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். “எனக்காக மனசத் தேத்திக்கிட்ட” என்பார். அந்த வங்கியின் கிளை லஸ்ஸில் இருக்கிறது, அதைத் தாண்ட வேண்டி வந்தால் என்னை எதிர்ப்பக்கம் கூட்டிக்கொண்டு போவார். டி.வி.யில் வானிலை சொல்லும்போது கவுகாத்தி பெயர் வந்தால் போதும், ரிமோட்டைத் தேடிச் சத்தத்தை அணைத்துவிடுவார். என் காதில் விழுந்தால் நான் உடைந்துபோய்விடுவேனாம். கல்யாணமான நாளிலிருந்து என் புடவைகளை அவர்தான் இஸ்திரி போடுகிறார், காலையில் ஸ்கூட்டரில் பள்ளியில் கொண்டுபோய் விடுகிறார். தங்கமான மனுஷன். ஆனால் என்னைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கண்ணில் ஒரு மன்னிப்பு இருக்கும். நான் சந்தோஷமாக இருக்கிறேன் என்பதை, யாரிடம் அதை அதிகம் காட்ட ஆசைப்படுகிறேனோ அவர் ஒருவர்தான் நம்பவில்லை.

அன்றைக்கு இட்லித் தட்டோடு உட்கார்ந்தபோது மிச்சமும் வெளியே வந்தது. எங்கள் கல்யாண வெள்ளிவிழா அடுத்த வாரம் சனிக்கிழமை. கோயிலில் பூசை, பிறகு பங்கு மண்டபத்தில் சாப்பாடு. அதற்கு முன்பாக மனசைச் சுத்தப்படுத்திக்கொள்ளத்தான் அந்தக் கருத்தை எழுதிக் கொடுத்தாராம்.

“டாடி உங்களுக்குத் தியாகி பென்ஷனுக்கு அப்ளை பண்ணியிருக்காரு மம்மி” என்றாள் ரெனிட்டா. எங்கள் ஒரே மகள், வாய் என்னுடையது.

“கிண்டல் பண்ணாத” என்றார் எரிக். பிறகு என்னைப் பார்த்து, “உனக்கு ஒரு கிஃப்ட் வெச்சிருக்கேன் நோரா. விழா அன்னிக்குச் சொல்லலாம்னு இருந்தேன். நம்ம ஸ்ரீநாத் ஆதம்பாக்கத்துல புது ஸ்கூல் ஆரம்பிச்சிருக்கான் இல்ல, அதுக்கு நீதான் பிரின்ஸிபல். டிசம்பர்ல சேரணும். நா சரின்னு சொல்லிட்டேன்.”

சட்னி கரண்டி என் கையிலேயே நின்றது. “என்னைக் கேட்டீங்களா?”

“கேட்டா வேண்டாம்னு சொல்லுவ. அப்பவும் அப்படித்தான சொன்ன? எனக்காக. அந்தத் தப்ப மறுபடி நா பண்ண மாட்டேன்.”

அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது, ஆனால் அழுகிற மனுஷனை எப்படித் திட்டுவது? இந்தச் சனிக்கிழமை போய்ப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று எழுந்துவிட்டேன்.

திங்கட்கிழமை பள்ளி வாசலில் இறங்கும்போதே தெரிந்துவிட்டது. எங்கள் பங்கைச் சேர்ந்த இரண்டு குடும்பத்துப் பிள்ளைகள் எங்கள் பள்ளியில் படிக்கிறார்கள். ஞாயிறு மத்தியானத்துக்குள் விஷயம் பெற்றோர்களின் வாட்ஸ்ஆப் குழுவுக்குப் போய், அங்கே கிட்னி இன்னும் வளர்ந்து, நோரா மிஸ் ரொம்ப நாள் இருக்க மாட்டார் என்கிற அளவுக்கு வந்திருந்தது. என் மேஜையில் ஹார்லிக்ஸ் பாட்டில்கள், ஆப்பிள், யாரோ வைத்த திருநீறு.

உமர் ஃபாரூக் ஒரு பை சாத்துக்குடியோடு வகுப்பு வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். ராயப்பேட்டையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார், அவர் மகள் சாய்மா என் வகுப்பு. “இன்னா மிஸ் இது, நம்மகிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? நேத்தே எங்க பள்ளிவாசல்ல உங்களுக்காக துவா செஞ்சாச்சு. பாத்தா நல்லாத்தான் கீறீங்க, உள்ள இன்னா கீதோ.”

“உள்ளயும் நல்லாத்தான் இருக்குங்க” என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. யாரும் நம்பவில்லை. அன்றைக்கு எனக்கு ஒரு விஷயம் புரிந்தது. கோயிலில் வாசித்ததை மறுத்து வாயால் சொன்னால் ஒரு ஆளும் கேட்க மாட்டான்.

சாய்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜூனில் சேர்ந்ததிலிருந்து வகுப்பில் அந்தக் குழந்தை ஒரு வார்த்தை பேசியதில்லை. வீட்டில் வாய் மூடாதாம், தெருவே அவள் சத்தத்தில்தான் எழுந்திருக்குமாம். இங்கே வந்தால் உதடு ஒட்டிக்கொள்ளும். எழுதுவாள், தலையாட்டுவாள், சத்தம் மட்டும் வராது. நான் வற்புறுத்தவில்லை. மணி அடித்துப் பிள்ளைகள் கிளம்பும்போது ஒவ்வொருவரிடமும், “நாளைக்கு வருவியா?” என்று கேட்பேன், “வருவேன், மிஸ்” என்று கத்திவிட்டு ஓடுவார்கள். சாய்மாவிடமும் தினம் கேட்பேன். தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போவாள்.

அன்று மணி அடித்தது. வரிசையில் கடைசியாக வந்து நின்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் என் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தாள்.

“நீங்க செத்துப்போயிடுவீங்களா, மிஸ்?”

கொஞ்சம் கட்டைக் குரல். இத்தனை மாதமாக அந்தக் குரல் எப்படி இருக்கும் என்று நான் நினைத்துப் பார்த்ததெல்லாம் தப்பு. நான் முட்டி போட்டு அவள் உயரத்துக்கு வந்தேன். “இல்லடி கண்ணு. யாரோ தப்பா சொல்லிட்டாங்க.”

அவள் நம்பாமல் என்னை உற்றுப் பார்த்தாள். பிறகு மிகவும் கண்டிப்பாக, என்னை மாதிரியே தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்டாள்: “நாளைக்கு வருவீங்களா?”

“வருவேன், மிஸ்” என்றேன்.

அவளுக்கு அது போதுமாக இருந்தது. வாசலில் நின்ற உமர் ஃபாரூக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்கும் துடைக்க வேண்டியிருந்தது. எரிக் மேல் இருந்த கோபத்தில் பாதி அங்கேயே கரைந்துவிட்டது. அவர் அந்தக் கண்றாவிக் கருத்தை எழுதிக் கொடுக்காமல் இருந்திருந்தால் இந்தக் குரலை நான் எப்போது கேட்டிருப்பேனோ. மிச்சப் பாதியை ஆதம்பாக்கத்துக்காக வைத்துக்கொண்டேன்.

ஸ்ரீநாத் எரிக்கின் கல்லூரித் தோழர், மரியாதையான மனிதர். சனிக்கிழமை எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு புதுக் கட்டடத்தைச் சுற்றிக் காட்டினார். பெயின்ட் வாசனை போகவில்லை. பிரின்ஸிபல் அறையில் ஏ.சி., கண்ணாடி மேஜை, எதிரில் நான்கு நாற்காலிகள். சம்பளத்தைச் சொன்னபோது எரிக் என் முகத்தையே பார்த்தார். நானும் ஒன்றும் முனிவர் இல்லை, ஒரு நிமிஷம் ஆடித்தான் போனேன். அந்த நாற்காலியில் உட்கார்ந்தும் பார்த்தேன். நல்ல நாற்காலி, நன்றாகச் சுற்றியது.

“எனக்கு எந்தக் கிளாஸ் சார்?” என்று கேட்டேன்.

“உங்களுக்கு எதுக்கு மேடம் கிளாஸ்? பிரின்ஸிபல் பாடம் எடுக்க வேண்டியதில்ல. பேரன்ட்ஸ், இன்ஸ்பெக்‌ஷன், அட்மிஷன் மட்டும் பாத்துக்கிட்டா போதும். சின்னப் பசங்க தொல்லையே கிடையாது” என்றார், பெரிய சலுகை மாதிரி.

அப்போதே முடிந்துவிட்டது. சின்னப் பசங்க தொல்லை இல்லாமல் எனக்கு அந்தக் கட்டடத்தில் என்ன வேலை? உங்கள் பள்ளி நன்றாக வரும், ஆனால் நான் அதற்குச் சரியான ஆள் இல்லை என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்தேன். அவர் வருத்தப்பட்டாலும் கோபித்துக்கொள்ளவில்லை. வெள்ளிவிழாவுக்குக் கட்டாயம் வருவதாகச் சொன்னார்.

திரும்பும்போது எரிக் ஆட்டோ பிடித்தார். கிண்டி தாண்டியதும், “மறுபடியும் என்னாலதான்” என்றார். “ஆதம்பாக்கம் தூரம், காலைல சீக்கிரம் கிளம்பணும், எனக்கு பி.பி., யாரு பாத்துக்குவான்னு நெனச்சு வேண்டாம்னுட்ட.”

“உங்க பி.பி. என் ஞாபகத்துலயே இல்ல. நா ஒண்ணு கேக்கறேன், பதில் சொல்லுங்க. ரெனிட்டா பொறந்தப்ப மஸ்கட்ல லேப் வேலைக்குக் கூப்பிட்டாங்களே, ஏன் போகல?”

“அதுவா? அங்க யாரு போவா? குழந்த சின்னது. இங்க லேபு, காலேஜ் பசங்க, காலைல உன்னை ஸ்கூல்ல விடறது. இதெல்லாம் விட்டுட்டு அந்த வெயில்ல போய் என்ன பண்றது?”

“போகலியேன்னு வருத்தப்பட்டீங்களா?”

“சே, ஒருநாள்கூட இல்ல.”

“அதேதாங்க நானும்!”

நான் போட்ட சத்தத்தில் ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். எரிக் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். இதோ, இதோ என்று நான் காத்திருந்தேன். கடைசியில் மெதுவாகச் சொன்னார்: “அது வேற நோரா. நா அழல. நீ அழுத.”

கொடிக்கடியில் நிற்கிற ஆளை இழுத்து வர என்னிடம் இருந்த வார்த்தையெல்லாம் தீர்ந்துவிட்டது. கோட்டூர்புரம் பாலத்தில் காற்று நன்றாக வீசியது. அந்தக் காற்றில்தான் எனக்கு எங்கள் கல்யாண ஓலை ஞாபகம் வந்தது.

எங்களில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாரும் இன்னாரும் மணமுடிக்க இருக்கிறார்கள், தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்று. எரிக்கைப் பிடித்திருக்கிறது என்று நான் அவரிடமே நேரில் சொன்னேன். அவர் அக்காவிடம் சொன்னேன். மனுஷன் நம்பவேயில்லை. “நெஜமாவே சம்மதமா, யாராவது கட்டாயப்படுத்துனாங்களா” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மூன்றாவது ஞாயிறு ஓலை வாசித்து முடித்த பிறகுதான் வெளியே வந்து என்னைப் பார்த்து முதன்முதலாகச் சிரித்தார். வீட்டில் பேசுவது ஆறுதலுக்காக இருக்கலாம். பீடத்துக்கு முன்னால் வாசித்தால் அது உண்மை. எரிக் அப்படிப்பட்ட ஆள், நான்தான் மறந்துவிட்டேன்.

ஆட்டோவைக் கோயில் வாசலில் நிறுத்தச் சொல்லி, அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு இறங்கினேன்.

இக்னேஷியஸ் அண்ணன் அலுவலகத்தில் இருந்தார். என்னைக் கண்டதும் நாற்காலியை இழுத்துப் போட்டு, “நிக்காதம்மா, ஒக்காரு, ஒடம்பு எப்படி இருக்கு?” என்றார்.

“வர்ற சனிக்கிழமை எங்க வெள்ளிவிழாப் பூசைக்கு ஒரு கருத்து, அண்ணே. நன்றியில போடணும். நோயில போட்டீங்கன்னா நல்லா இருக்காது.”

எழுதிக் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கிப் படித்தார். “நன்றிய யாரும் இவ்ளோ நீளமா எழுத மாட்டாங்களேம்மா. வியாதியத்தான் நீட்டி எழுதுவாங்க.”

“ஒரு வார்த்த குறைக்கக் கூடாது.”

“சரி” என்றார். கொஞ்சம் தயங்கி, “அப்போ அந்தக் கிட்னி?”

“ரெண்டும் அதது இடத்துல இருக்கு அண்ணே.”

அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் நல்ல மழை. வாசலில் கணுக்கால் வரை தண்ணீர். இருந்தாலும் கோயில் நிறைந்துவிட்டது. பாதிப் பேர் என்னைக் கடைசியாக ஒருதரம் பார்க்க வந்தவர்கள் என்று ரெனிட்டா என் காதில் சொன்னாள். உமர் ஃபாரூக்கும் சாய்மாவும் பின்வரிசையில் குடையை மடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எரிக் புதுச் சட்டையில் வியர்த்துக்கொண்டிருந்தார். சட்டைப் பையில் மண்டபத்தில் பேசுவதற்கான பேச்சு. நான் படிக்கவில்லை, படிக்காமலே எனக்குத் தெரியும். ஊர் முன்னால் என்னிடம் மன்னிப்புக் கேட்கப் போகிறார்.

இக்னேஷியஸ் அண்ணன் மைக்கைத் தட்டினார்.

“நன்றிக் கருத்து. கவுகாத்திக்குப் போகாமல் இருந்ததற்காகவும், அதற்குப் பதிலாக யூ.கே.ஜி. வகுப்பைத் தந்ததற்காகவும், அதில் படித்த, படிக்கிற எல்லாப் பிள்ளைகளுக்காகவும், ஒருநாள் மாடியில் துணி காயப்போடும்போது வந்த அழுகை அன்றைக்கே தீர்ந்துபோனதற்காகவும், அதை இன்றுவரை மறக்காமல் எனக்காக வருத்தப்படும் கணவர் எரிக்குக்காகவும், அவரோடு வாழ்ந்த இந்த வாழ்க்கையில் ஒரு நாளையும் மாற்றத் தோன்றாததற்காகவும், ஆண்டவருக்கு நன்றியாக, நோரா.”

நான் எழுதியது அவ்வளவுதான். இக்னேஷியஸ் அண்ணன் அதோடு நிறுத்தவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, “நோரா எரிக் பூரண சுகத்தோடு இருக்கிறார் என்பதையும் பங்கு மக்களுக்குத் தெரிவித்துக்கொள்கிறோம்” என்று தன் கணக்கில் ஒன்றைச் சேர்த்துக்கொண்டார்.

கோயிலே சிரித்தது. ஃபாதர் சிரிப்பை அடக்கப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டார். எரிக் மட்டும் சிரிக்கவில்லை. பீடத்தையே பார்த்துக்கொண்டு அசையாமல் இருந்தார். இதுவும் பலிக்காவிட்டால் இனிமேல் எனக்கு வேறு வழி தெரியாது. ரொம்ப நேரம் கழித்து என் பக்கம் சாய்ந்தார்.

“நெஜமாவா?”

“கோயில்ல வாசிச்சாச்சு” என்றேன். “மூணு ஞாயித்துக்கிழம வாசிக்கச் சொல்லட்டுமா?”

வேண்டாம் என்று தலையாட்டினார். கைக்குட்டையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரா, சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது. வாக்குறுதியைப் புதுப்பிக்க ஃபாதர் எங்களை முன்னால் அழைத்தபோது என் கையை அவர் பிடித்த பிடி, முதல் தடவை பிடித்ததைவிட உறுதியாக இருந்தது.

மண்டபத்தில் எரிக்கைப் பேசச் சொன்னார்கள். மைக் முன்னால் நின்று பையிலிருந்து காகிதத்தை எடுத்தார், பிரித்தார், ஒருமுறை மேலோட்டமாகப் பார்த்தார். மறுபடி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

“இது பழைய பேச்சு. இப்ப பொருந்தாது” என்றார். “பிரியாணி ஆறிடும். எல்லாரும் சாப்பிடுங்க.”

எங்கள் பங்கின் வரலாற்றில் இவ்வளவு கைதட்டல் வாங்கிய வெள்ளிவிழாப் பேச்சு வேறு இருக்காது. ஸ்ரீநாத் என்னிடம் வந்து, “இப்ப புரியுது மேடம்” என்று மட்டும் சொல்லிவிட்டு சாய்மாவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து சாப்பிட்டார். அந்தக் குழந்தை அவரிடம் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தது. கிளம்பும்போது என்னிடம் வந்து, “திங்கக்கிழம வருவீங்கல்ல?” என்று உறுதிப்படுத்திக்கொண்டு போனாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எனக்கு ஒரு சின்ன பயம் இருந்ததை ஒப்புக்கொள்கிறேன். குற்றவுணர்ச்சி போய்விட்டது, சரி. கூடவே இஸ்திரியும் போய்விட்டால்? ஆனால் எரிக் வழக்கம்போல டி.வி. எதிரில் மேஜையைப் போட்டு, அந்த வாரத்துக்கான என் புடவைகளை ஒவ்வொன்றாகத் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். செய்தி முடிந்து வானிலை வந்தது. டெல்லி, மும்பை, கொல்கத்தா என்று ஒவ்வொரு ஊராகச் சொல்லிக்கொண்டு வந்தார்கள்.

அடுத்து என்ன ஊர் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அவர் கை பழக்கத்தில் ரிமோட்டுக்குப் போனது. எடுத்தார். கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் நின்றார். பிறகு சத்தத்தைக் கூட்டினார்.

கவுகாத்தியில் காலையில் அடர்ந்த பனிமூட்டம் காணப்படும் என்றார்கள்.

“நல்லவேள” என்றார் எரிக், அடுத்த புடவையை விரித்துக்கொண்டே. “ஸ்வெட்டர் செலவு மிச்சம்.”

இத்தனை வருடத்தில் அந்த ஊரைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்த முதல் தமாஷ் அது. எனக்குச் சிரிப்பு வந்தது, நிறுத்த முடியவில்லை, கீரையெல்லாம் தரையில் கொட்டிவிட்டது. அவரும் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் அந்த மன்னிப்பு இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன், இல்லை. கொடிக்கடியில் நின்ற மனுஷன் ஒருவழியாக வீட்டுக்குள் வந்துவிட்டார்.